தர்மபுரியிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிபோகிறீர்களா? வீட்டை மழையில் பாருங்கள்

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: தர்மபுரிக்கு வெளியே, கடைகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் சொந்த வீடு. ஓசூரில் வேலை பார்த்துவந்த கணவருக்குத் தூத்துக்குடியில் புதிய வேலை. புரட்டாசி முடிவதற்குள் சேர வேண்டும். மகன் பத்தாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு, மாமியாருக்கு 72 வயது, வீட்டில் ஒரு கறவை மாடு. எல்லோரும் ஒன்றாகப் போய்விடலாமா, இந்த வீட்டை விற்று அங்கே வாங்கலாமா, எதை ஏற்றிக்கொண்டு போவது, எதை விட்டுவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். 2015 மார்ச்சில் மாற்றலாகித் தூத்துக்குடிக்குப் போனேன். ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, 2024இல் ஓய்வு பெற்று, தர்மபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டிக்கே திரும்பிவிட்டேன். வின்பாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பட்ட பிறகு, ஓசூர்ப் பக்கம் வேலை பார்க்கும் இரண்டு பேர் இதே கேள்வியோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து போனார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். கணவர் மட்டும் இப்போது போகட்டும். நீங்களும் பிள்ளைகளும் சித்திரையில் போங்கள். தர்மபுரி வீட்டை விற்காதீர்கள். அங்கே குறைந்தது ஒரு மழைக்காலம் முழுவதும் பார்க்காமல் சொந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கணவரை முதலில் தனியாக அனுப்பச் சொல்வது பிள்ளைகளின் படிப்புக்காக மட்டும் அன்று. அவர் போய்ச் சேரும் பருவம் அப்படி. நமக்கு ஆவணியிலும் புரட்டாசியிலும் இரவு மழை பெய்யும். தோப்பூர் மலைமேல் மேகம் கட்டினால் துணியை எடுக்க ஓடுவோம். தூத்துக்குடியில் ஆனி முதல் புரட்டாசி வரை ஒரு சொட்டுக்கும் வழியிராது. மேல்காற்று மட்டும் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டித் தீர்க்கும். அந்த மூன்று மாதங்களும் உங்கள் கணவர் அங்கே ஏதாவது ஓர் அறையில் தங்கியிருப்பார். அதுதான் வீடு தேட மிகச் சரியான காலம். ஞாயிறுதோறும் மழை விட்டவுடன் குடையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கச் சொல்லுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வடிகிறது, எதில் மூன்றாம் நாளும் நிற்கிறது என்பதைத் தரகர் எவரும் சொல்ல மாட்டார்.

நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். பங்குனி வெயிலில் வீடு பார்த்தேன். தரைத்தளம், அகலமான முற்றம், வாசலில் வேப்பமரம், பேசிக் குறைத்த வாடகை. தெருவைவிட வீடு ஒரு படிதான் உயரம் என்பதைக் கவனித்தும், நம் ஊர்க் கணக்கில் அதைப் பொருட்படுத்தவில்லை. தர்மபுரி கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. எவ்வளவு பெய்தாலும் ஏதோ ஒரு சரிவில் ஓடிவிடும். தூத்துக்குடி தட்டை. தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது. 2015 நவம்பரில் ஒரு விடியற்காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், கணுக்கால் நனைந்தது. வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டால், “எப்போதாவதுதான் சார் இப்படி” என்றார். எங்கள் வீட்டுச் சுவரில் பழைய சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பழுப்புக் கோடு இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கோடு முன்பும் அங்கேதான் இருந்திருக்கும். பங்குனியில் எனக்குக் கண் தெரியவில்லை. தை பிறந்ததும் வேறு தெருவில் மாடி வீட்டுக்கு மாறினோம்.

அந்த மாடி வீடுதான் 2023இல் எங்களைக் காப்பாற்றியது. டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். திருப்பாவை கேட்க வேண்டிய காலையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். ஊருக்கு மேற்கே இருக்கும் கோரம்பள்ளம் குளம் உடைந்து, வானத்துத் தண்ணீரோடு குளத்துத் தண்ணீரும் சேர்ந்து நகருக்குள் வந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் அரிசி மூட்டையையும் பாட்டியையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். எங்கள் தெருவில் ஐந்தாம் நாள்தான் தரை தெரிந்தது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அப்படி ஒரு மழை ஆண்டுதோறும் வருவதில்லை. ஆனால் அது உங்களுக்கு ஒரு வசதியைச் செய்து கொடுத்திருக்கிறது. இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் கேட்க ஒரே கேள்வி போதும்: “2023 மழையில் இங்கே எதுவரை தண்ணீர் வந்தது?” வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் இருக்கும் மளிகைக் கடைக்காரரிடம், இஸ்திரி போடுகிறவரிடம், எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். முழங்கால், இடுப்பு என்று உடம்பில் தொட்டுக் காட்டுவார்கள். மூன்று பேர் ஒரே இடத்தைத் தொட்டால் அதுதான் அளவு.

ஊர்ப் பெயர்களையும் காது கொடுத்துக் கேளுங்கள். நம் பக்கம் அள்ளி என்றும் பட்டி என்றும் முடியும். அங்கே ஊரணி, குளம், பள்ளம், ஓடை என்று முடிகிற பெயர்கள் ஏராளம். ஊரணி என்று பெயர் இருந்தால் ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் நின்றது என்றுதான் பொருள். மனைப்பிரிவு போடுகிறவர்கள் அதையே “நகர்” என்றும் “கார்டன்” என்றும் மாற்றிவிடுவார்கள். தண்ணீருக்குப் பழைய பெயர்தான் நினைவிருக்கும். நகரின் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோவது பக்கிள் ஓடை. அதை ஒட்டிய தாழ்வான தெருக்களில் வாடகை குறைவாகச் சொன்னால் ஏன் என்று ஒருமுறை யோசியுங்கள்.

மழைக்கு அடுத்தது உப்பு. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் மேட்டுநிலத்துக்காரர்கள் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. என் தாத்தா காலத்து இரும்பு பீரோவை, சேலத்தில் வாங்கியது, மூன்று தலைமுறை பார்த்தது, பெருமையோடு ஏற்றிக்கொண்டு போனேன். நான்காம் ஆண்டு அதன் கால்கள் வெல்லம் போல் உதிர்ந்தன. மிக்சியின் அடியில் இருந்த திருகுகள், கேஸ் அடுப்பின் கீழ்த்தகடு, மொபெட்டின் சைலன்சர், ஏசியின் வெளிப்பெட்டி என்று வரிசையாக ஒவ்வொன்றும் போனது. கடலிலிருந்து விலக விலக இந்தத் தொல்லை வேகமாகக் குறையும். கடற்கரைச் சாலையில் மூன்று ஆண்டில் போகும் கிரில், நான்கு கிலோமீட்டர் உள்ளே பத்து ஆண்டு நிற்கும். உங்கள் கணவரின் வேலை சிப்காட் பக்கம் என்றால் அது நகரின் மேற்கே; வீட்டையும் மேற்கிலேயே பாருங்கள். பிள்ளைகள் கடலைப் பார்க்க மாலையில் பஸ் ஏறிப் போகட்டும். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று யாராவது ஆசை காட்டினால், கடலுக்கும் உங்கள் குளிர்சாதனப் பெட்டி தெரியும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கும்போது சன்ஷேடின் அடிப்பகுதியை அண்ணாந்து பாருங்கள். காரை பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ, துருக்கோடு வடிந்திருந்தாலோ, கம்பிவரை உப்பு போய்விட்டது. துருப்பிடித்த கம்பி பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கும். மேலே பூசி வெள்ளை அடித்தால் இரண்டு மழைக்குத்தான் தாங்கும். வாடகை வீடு என்றால் அந்த அறையில் தொட்டில் கட்டாமல் இருந்தால் போதும். வாங்கும் வீடு என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சுவிட்சுப் பலகை ஒன்றைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் மின்கம்பி மாற்றும் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அதனால் எதை ஏற்றுவது என்ற கேள்விக்கு என் பதில்: இரும்பு எல்லாம் இங்கேயே இருக்கட்டும். பீரோ, இரும்புக் கட்டில், இரும்பு மேசை எதுவும் வேண்டாம். தேக்குக் கட்டில், எவர்சில்வர் பாத்திரம், கிரைண்டர், துணிமணி, புத்தகம். இலவம்பஞ்சு மெத்தை மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கனக்கும். உதறிக் காயவைக்க மொட்டை மாடி உங்கள் பங்குக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டு எடுத்துப் போங்கள். சான்றிதழ்களை நெகிழி உறையில் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். என் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அதன் உறையோடு ஒட்டிக்கொண்டது. அப்பளம் ஒரே நாளில் நமுத்துப்போகும். உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் சமையலறை உப்பு ஜாடியில் எப்போதும் தண்ணீர் கசிந்து நிற்பதை என் மனைவி ஒன்பது ஆண்டும் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணீரைப் பற்றி. நாம் காவிரியைக் குடிக்கிறோம், அதுவும் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான். அதற்கு முன் போர்வெல் தண்ணீரும் அதிலிருந்த புளோரைடும் நம் பல்லில் எழுதிவைத்த பழுப்புக் கறையை இன்னும் சுமக்கிறோம். தூத்துக்குடி வங்கியில் சேர்ந்த முதல் வாரம், ஒரு பல் மருத்துவர் கணக்குத் தொடங்க வந்தார். நான் சிரித்ததும், “சாருக்குத் தர்மபுரியா, கிருஷ்ணகிரியா?” என்றார். அங்கே நீங்கள் குடிக்கப் போவது தாமிரபரணி. வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிறது. சுவையான தண்ணீர். ஆனால் எல்லாத் தெருவுக்கும் தினமும் வராது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம், தரைத்தொட்டி எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். தரைத்தொட்டி இல்லாத வீட்டில் ஒரு வாரம் விருந்தாளி தங்கினால் குடும்பத்தில் சண்டை வரும். போர்வெல் பெரும்பாலும் உவர்ப்பு. குளியலறையில் ஒரு துண்டு சோப்பைக் கையில் தேய்த்துப் பாருங்கள். நுரை வராமல் திரிந்தால் அந்தத் தண்ணீரில்தான் உங்கள் மகளின் தலைமுடியை அலச வேண்டியிருக்கும். உங்கள் மாமியாருக்கு முழங்கால், முதுகு வலி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் மாவட்டத்துத் தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தவர் என்பதை அங்கே பார்க்கும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். புளோரைடு எலும்பையும் மூட்டையும்கூடத் தாக்கும்; அந்த ஊர் மருத்துவருக்கு அது முதலில் நினைவுக்கு வராமல் போகலாம்.

மகனின் படிப்பில் எந்தப் பேரமும் வேண்டாம். பத்தாம் வகுப்பு மாணவனை நடுவில் பள்ளி மாற்றுவது, பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் தயாராகும் காலத்தில் தேவையற்ற தலைவலி. தேர்வை இங்கேயே எழுதட்டும். பதினொன்றாம் வகுப்பில் எப்படியும் புதிதாகச் சேர்க்கை உண்டு. அதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் பலர் செய்யும் ஒரு தவறு. மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவருகிறான் என்கிறீர்கள். புதிய ஊர், நல்ல பள்ளி என்று பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீட்டை அவன் இழந்துவிடுவான். மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, அடுத்த ஆண்டே பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே போல் ஆறாம் வகுப்பிலிருந்தான பள்ளிப் படிப்பைப் பார்க்கிறது. ஐந்து ஆண்டு சேர்த்ததைக் கடைசி இரண்டு ஆண்டில் கைவிட வேண்டாம். தூத்துக்குடியிலும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. வீட்டை முடிவு செய்யும் முன் அருகில் உள்ள பள்ளியில் மகன் கேட்கும் பாடப்பிரிவு உண்டா என்று பார்த்துவிடுங்கள். மகளுக்கு நான்காம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் போதும். அவளைப் பற்றிய கவலை வேறு, கீழே சொல்கிறேன்.

காகித வேலைகள் நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு இல்லை. மாநிலம் ஒன்றுதான் என்பதால் பாதி தானாகவே தீர்கிறது. ரேஷன் அட்டை முகவரியை இணையத்தில் மாற்றலாம். அது மாறும் வரை கைரேகை வைத்து வேறு ஊர்க் கடையிலும் பொருள் வாங்க முடியும். வண்டிக்கு மறுபதிவு தேவையில்லை, முகவரியை மட்டும் 30 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். டிஎன் 29 எண் பலகை அப்படியே இருக்கும், தூத்துக்குடியின் டிஎன் 69களுக்கு நடுவே அதைப் பார்த்து நம் ஊர்க்காரர் எவராவது சிக்னலில் பேச்சுக் கொடுப்பார். சமையல் எரிவாயு உருளையை லாரியில் ஏற்றாதீர்கள். இங்குள்ள முகவரிடம் உருளையையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் வைப்புத்தொகையைத் திருப்பித் தந்து ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதைக் காட்டி அங்கே இணைப்பு வாங்க வேண்டும். வாடகை முன்பணமாகப் பத்து மாதம் கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாதம். சட்டத்தை முகத்தில் வீசாமல், மெதுவாகக் குறிப்பிட்டுப் பேசுங்கள், பாதி வழிக்கு இறங்கி வருவார்கள். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கை மாற்ற அவசரமே இல்லை. லாக்கரை மட்டும் வேறு கிளைக்கு மாற்ற முடியாது. இங்கே மூடி, அங்கே புதிதாகத்தான் கேட்க வேண்டும், அதற்குக் காத்திருக்கவும் நேரலாம். அங்கே கிடைத்த பிறகு இங்கே மூடுங்கள். இடையில் நகையைத் துணி மூட்டைக்குள் ஒளித்து லாரியில் அனுப்பிய ஒரு வாடிக்கையாளரை எனக்குத் தெரியும். நகை பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாளின் ரத்த அழுத்தம்தான் இன்றுவரை இறங்கவில்லை.

லாரி. தர்மபுரியிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 430 கிலோமீட்டர்: சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, பிறகு அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழி. உங்கள் அளவு வீட்டுக்குப் பதினான்கு அடி ஐச்சர் ஒன்று போதும். தொலைபேசியில் குறைந்த விலை சொல்லிவிட்டு, சாமான் ஏறியதும் “கூடுதல் எடை” என்று இரட்டிப்பாகக் கேட்கும் கூட்டம் உண்டு. நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். அதனால் நேரில் வந்து சாமானைப் பார்க்காமல் விலை சொல்லும் எவரையும் எடுக்காதீர்கள். நல்ல வழி, தூத்துக்குடிப் பக்கம் திரும்பும் லாரி ஏதாவது கிடைக்குமா என்று தர்மபுரி லாரி புக்கிங் அலுவலகங்களில் விசாரிப்பது. துறைமுக ஊர் என்பதால் அந்தத் திசையில் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. விடியற்காலையில் கிளம்பச் சொல்லுங்கள். புறப்பட்ட அரை மணி நேரத்தில் தோப்பூர்க் கணவாய் இறக்கம். நம் திசையிலிருந்து போகிறவர்களுக்குத்தான் அது ஆபத்து; பாரம் ஏற்றிய வண்டியின் பிரேக் சூடேறி எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். தூக்கக் கலக்கத்தோடு இருக்கும் ஓட்டுநரின் வண்டியில் உங்கள் வீட்டை ஏற்ற வேண்டாம்.

நீங்கள் லாரியில் போக வேண்டியதில்லை. மைசூரு–தூத்துக்குடி விரைவு ரயில் தர்மபுரியில் நின்று போகிறது. இரவு ஏறினால் மறுநாள் முற்பகல் அங்கே. இந்த ஒரு ரயில்தான் எங்கள் குடும்பத்தை ஒன்பது ஆண்டும் ஒட்டிவைத்தது. உங்கள் கணவர் இந்த ஆறு மாதமும் இதில்தான் வந்துபோகப் போகிறார். பொங்கலுக்கு முன்பதிவு திறக்கும் நாளிலேயே டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.

மாமியாரை முதலில் பத்து நாள் விருந்தாளியாகக் கூட்டிப் போங்கள், தை அல்லது மாசியில். அப்போது வெயிலும் இராது, மழையும் முடிந்திருக்கும். ஊர் தன் நல்ல முகத்தைக் காட்டும். சித்திரையில் நேரடியாகக் கொண்டுபோய் இறக்கினால், மார்கழியில் போர்வைக்குள் சுருண்டு பழகிய உடம்பு வேர்க்குருவில் திணறும். வெப்பம் நம் ஊரிலும் உண்டு. ஆனால் இங்கே வேர்வை காய்ந்துவிடும், அங்கே காயாது, அதுதான் வேறுபாடு. பிற்பகலில் கடல்காற்று ஏறியதும் கொஞ்சம் நிம்மதி. கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறையை அவருக்குக் கொடுங்கள்.

மகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அவள் பேச்சை வைத்துக் கேலி செய்வார்கள். நம் பிள்ளைகள் எதற்கும் “ங்க” போட்டுப் பேசிப் பழகியவர்கள். அங்கே “ஏல” என்று கூப்பிடுவது அன்பு. நமக்கு அது அறைந்தது போல் இருக்கும். என் மகள் முதல் மாதம் அழுதுகொண்டே வந்தாள். ஆறாம் மாதம் என்னையே அப்படிக் கூப்பிட்டாள். நீங்கள் கடைக்காரரை “அண்ணாச்சி” என்று கூப்பிடுங்கள், காய்கறி விற்கும் அம்மாளை “அக்கா” என்று கூப்பிடுங்கள், தக்காளி ஒன்று கூடுதலாக விழும். அவர்கள் பேச்சில் “ங்க” குறைவு, மரியாதை குறைவில்லை. இது எனக்குப் புரிய ஓர் ஆண்டு ஆயிற்று; அதற்குள் இரண்டு நல்ல வாடிக்கையாளர்களைக் கோபித்துக்கொண்டேன்.

சாப்பாட்டில், கேழ்வரகு மாவை இங்கிருந்தே கொண்டுபோங்கள். அங்கே பொட்டலத்தில் கிடைக்கும், களிக்கு அது சரிப்படாது. பாலக்கோடு சந்தைத் தக்காளி விலையை நினைத்துக்கொண்டு அங்கே கடைக்குப் போகாதீர்கள், மனம் நோகும். மீன் மட்டும் சொர்க்கம். ஒகேனக்கலில் வறுத்த ஆற்று மீனைத் தவிர வேறு அறியாத என் மனைவி, இரண்டே ஆண்டில் ஊளிக்கும் சீலாவுக்கும் பேரம் பேசும் அளவுக்கு வந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நீங்கள் போய் இறங்குவதே அந்தக் காலத்தில். மீன் விலையைப் பார்த்து ஊரை எடைபோட்டுவிடாதீர்கள், ஆனி வரை பொறுத்திருங்கள். ஆகஸ்ட் 5இல் முடியும் பனிமய மாதா திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் அந்த நாட்களில் ஊரே அங்கேதான் இருக்கும். அக்கம்பக்கத்தில் நாலு முகம் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

தர்மபுரி வீட்டை விற்க வேண்டாம் என்றேன். புதிய வேலை நிலைக்குமா என்பது முதல் ஆண்டில் யாருக்கும் தெரியாது. மேலும், விற்ற பணம் கையில் இருந்தால் அதே ஆண்டில் அங்கே வாங்கத் தோன்றும். வெயிலில் பார்த்து வாங்குவீர்கள். நான் வாடகை வீட்டில் ஏமாந்ததால் சில மாத வாடகையோடு தப்பினேன். சொந்தப் பணம் போட்டிருந்தால் தண்ணீருக்குள்தான் உட்கார்ந்திருப்பேன். உங்கள் வீட்டைப் பூட்டிப் போடாதீர்கள். கரையான் ஒரே மழையில் கதவுச் சட்டத்தைத் தின்றுவிடும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலோ வேறு அலுவலகத்திலோ வேலை பார்க்கும் குடும்பம் எதற்காவது வாடகைக்கு விடுங்கள். ஓர் அறையை மட்டும் உங்கள் பீரோவுக்கும் மாமியாருக்கும் என்று ஒதுக்கிவையுங்கள். அவர் நிச்சயம் அடிக்கடி திரும்பி வருவார். மாங்காய்க் காலத்துக்கு என்று சொல்லி வருவார், ஆடிக்கு என்று சொல்லி வருவார்.

கடைசியாக மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிளம்பும் வாரத்தில் விற்றால் அவசரம் தெரிந்து விலையை அடிப்பார்கள். பங்குனியிலேயே பேச்சைத் தொடங்குங்கள். சந்தைக்கு ஓட்டிப் போகாமல் உங்கள் தெருவிலேயே, அல்லது பக்கத்துத் தெருவில், பால் வாங்கிக்கொண்டிருக்கும் வீடு எதற்காவது கொடுக்க முடிந்தால் இரண்டாயிரம் குறைந்தாலும் கொடுத்துவிடுங்கள். உங்கள் மாமியார் ஊருக்கு வரும்போது முதலில் அங்கேதான் போவார்.